ஒத்தச் சக்கர சைக்கிளுக்கு எந்த டார்க் ரெஞ்ச் வாங்குறது?

யூனிசைக்கிள் ஓட்டிப் பழகுன பயலுக எல்லாரும் ஒரு கட்டத்துல வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான். கிராங்க், அதான் பெடல் மாட்டுற கை, ஆடுது, டைட் வச்சா ரெண்டு நாளைக்கு சும்மா இருக்கு, அப்புறம் திரும்ப ஆடுது, பெடல மிதிக்கிறப்பலாம் கடக் கடக்னு ஒரு சத்தம். சைக்கிள் கடைக்குக் கொண்டு போனா அண்ணன் பெரிய ஸ்பேனரப் போட்டு அதுக்கு மேல ஒரு பைப்பையும் சொருகி ஒரு அழுத்து அழுத்தி விட்டுருவாரு, சத்தம் நின்னுரும், கொஞ்ச நாள்ல போல்ட்டு மரை போயிரும், இல்ல கிராங்கே கீறல் விட்டுரும். அவரையும் குத்தம் சொல்ல முடியாது. தேவிபட்டினம், உச்சிப்புளி, ஏர்வாடி எங்க போனாலும் அவரு கைக்கு வர்றதுல நெறைய காட்டர் பின்னு, அதாவது கிராங்க அச்சுல பூட்ட அடிச்சு எறக்குற ஆணி, போட்ட பழைய சைக்கிளு, அதுக்கு சுத்தியல்தான் டூலு, அந்தக் கையோட பழக்கம் அலுமினிய கிராங்குக்கு ஒத்து வராது, அவ்வளவுதான்.

இதுக்குத்தான் டார்க் ரெஞ்ச், போல்ட்ட எவ்வளவு முறுக்குல இறுக்குறோம்னு அளந்து சொல்ற ஸ்பேனர். எதை வாங்கணும்னு தேட ஆரம்பிச்சா நூறு மாடல் வரும், தலை சுத்தும். எந்த கம்பெனி, எவ்வளவு வெலைன்னு பாக்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது அது எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும் அளக்குதுன்றது, அது சரியா இருந்தா மத்ததெல்லாம் ரெண்டாம் பட்சம். அதுக்கு மொதல்ல யூனிசைக்கிள்ல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரியணும்.

சாதா சைக்கிள்ல நீங்க முன்னாடி மிதிச்சாதான் கிராங்குல லோடு, பின்னாடி சுத்துனா ஃப்ரீவீல் சும்மா டிக் டிக்னு சுத்தும், பிரேக் தனியா இருக்கு. யூனிசைக்கிள்ல செயினும் இல்ல ஃப்ரீவீலும் இல்ல, கிராங்க் நேரா சக்கரத்தோட நடு அச்சான ஹப் ஆக்சில் மேலயே உக்காந்திருக்கு. வண்டி முன்னாடி போறதும் காலாலதான், வேகத்தக் கொறைக்கிறதும் அதே காலாலதான், நின்ன எடத்துல விழாம இருக்கணும்னா சக்கரத்த முன்னயும் பின்னயும் ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஆக, கிராங்கும் ஆக்சிலும் சேர்ற எடத்த ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பக்கம் ஒரு முறுக்கு, இந்தப் பக்கம் ஒரு முறுக்குன்னு முறுக்கிக்கிட்டே இருக்கோம். இதுல தனுஷ்கோடி ரோட்டுல, 2017-ல தொறந்தாய்ங்களே அந்த முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை போற ரோடு, அதுல மேக்க இருந்து வர்ற கச்சான் காத்து வீசுறப்ப ஒருதடவை ஓட்டிப் பாருங்க, போறப்ப காத்து முதுகுல தள்ளும், காலாலயே பின்னுக்கு இழுத்துப் பிடிச்சுக்கிட்டே போகணும், திரும்பி வர்றப்ப மூஞ்சில அடிக்கும், மொத்த ஒடம்பையும் பெடல் மேல போட்டாதான் நகரும். அந்த ரெண்டு லோடும் அந்த ஒரே ஜாயின்ட்டுலதான் விழுது.

அந்த ஜாயின்ட் எப்படி இருக்கும்னா, சாதாரணமா நாம வாங்குற யூனிசைக்கிள்ல ஆக்சில் முனை நாலு பட்டையா இருக்கும், நுனிக்குப் போகப் போக கொஞ்சம் ஒல்லியாகும். இத ஸ்கொயர் டேப்பர்னு சொல்லுவாங்க. கிராங்குல அதே மாதிரி நாலு பட்டை ஓட்டை. போல்ட்டு டைட் ஆக ஆக கிராங்க் அந்தச் சரிவுல மேல ஏறி இறுகிப் பிடிச்சுக்கும், பிடிக்கிறது போல்ட்டு இல்ல, அந்தச் சரிவுதான், போல்ட்டு அதத் தள்ளி உக்கார வைக்குது. ஆக்சில் இரும்பு, கிராங்க் அலுமினியம். டைட் பத்தலைன்னா கிராங்க் லேசா அசையும், அசைய அசைய இரும்பு அலுமினியத்த தின்னுக்கிட்டே போகும், சதுர ஓட்டை கொஞ்சம் கொஞ்சமா மூலை மழுங்கி அகண்டுரும். அந்த நெலமைக்கு வந்துட்டா எந்த டார்க் ரெஞ்ச் வச்சாலும் பிரயோஜனம் இல்ல, கிராங்க மாத்தத்தான் வேணும். டைட் அதிகமானாலும் கதை அதேதான், கிராங்க் தேவைக்கு மேல ஏறி ஓட்டை ஓரத்துல வெடிப்பு விடும். மேல ஏறிப்போன கிராங்க் அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் மேல ஏறும், அதனால சத்தம் வருதுன்னு வாரம் ஒருதடவை இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு முறுக்குறதும் தப்புதான். புதுசா மாட்டுன கிராங்க மொத சில ஓட்டத்துக்கு அப்புறம் ஒருதடவை திரும்ப செக் பண்ணுங்க, அது நியாயம். அதுக்கு மேலயும் லூஸ் ஆகிட்டே இருந்தா பிரச்சனை போல்ட்டுல இல்ல, ஓட்டைல.

கொஞ்சம் வெல கூடுன யூனிசைக்கிள்ல ஐசிஸ்னு ஒரு டைப் வரும், அதுல ஆக்சில் முனை உருண்டையா சுத்தியும் பல்லுப் பல்லா இருக்கும், அது ஸ்கொயர் டேப்பர விட கெட்டி. மலைப் பாதைல குதிச்சு ஓட்டுறவங்களுக்கு அதுதான். ஆனா அதுக்கும் போல்ட்டு இருக்கு, அந்த போல்ட்டுக்கும் அளவு இருக்கு.

சரி டார்க்னா என்ன. போல்ட்ட எவ்வளவு முறுக்குல திருப்புறோம்னு சொல்ற கணக்கு, நீங்க குடுக்குற பலத்த ஸ்பேனர் நீளத்தால பெருக்குனா வர்றது. அளவு நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமான கம்பி நுனில ஏறத்தாழ 100 கிராம் எடையத் தொங்கவிட்டா என்ன முறுக்கு வருமோ அது 1 நியூட்டன் மீட்டர். கிராங்க் போல்ட்டுக்கு 40 நியூட்டன் மீட்டர் வேணும்னு வச்சுக்குவோம், 25 சென்டிமீட்டர் ஸ்பேனர்னா நுனில 16 கிலோ அளவுக்கு அழுத்தணும், அதே ஸ்பேனர்ல பைப் சொருகி 50 சென்டிமீட்டர் ஆக்கிட்டா 8 கிலோ போதும். இப்ப அந்தக் கடை அண்ணன் 50 சென்டிமீட்டர்ல 30 கிலோ போட்டு அழுத்துனாருன்னா கிட்டத்தட்ட 147 நியூட்டன் மீட்டர், தேவைய விட மூணரை மடங்குக்கு மேல. அவரு கைக்கு அது பெரிய பலமாவே தெரிஞ்சிருக்காது, பைப்போட வேலை அது.

இதே கணக்க சின்ன போல்ட்டுக்குப் போடுங்க. சீட்டுக் கம்பிய இறுக்கிப் பிடிக்கிற சீட் கிளாம்ப் போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீட்டர்தான் வேணும், 10 சென்டிமீட்டர் எல்என் கீல (ஆறு பட்டைக் கம்பிச் சாவி, ஆலன் கீ) அது வெறும் 5 கிலோ அழுத்தம், ரெண்டு விரலால முடியுற வேலை. முழு கையப் போட்டு முறுக்குனா போச்சு.

ரெஞ்ச் மேல வேற வேற அளவு போட்டிருக்கும், குழம்பிக்காதீங்க. 40 நியூட்டன் மீட்டர்னா கிலோ விசை மீட்டர் (kgf·m) கணக்குல 4.1, அடி பவுண்டு கணக்குல 29.5, இன்ச் பவுண்டு கணக்குல 354. ஒரே முறுக்குதான், பேருதான் வேற வேற. வாங்குறப்ப நியூட்டன் மீட்டர் ஸ்கேல் பெருசா இருக்குறதா பாத்து வாங்குங்க, ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்க முடியாது. இன்ச் பவுண்ட அடி பவுண்டுன்னு நெனச்சுட்டா 12 மடங்கு வித்தியாசம், போல்ட்டு ஒடஞ்சு கையோட வரும்.

யூனிசைக்கிள்ல எந்த எடத்துக்கு எவ்வளவுன்னு பாத்தா, ஸ்கொயர் டேப்பர் கிராங்க் போல்ட்டு 35-ல இருந்து 40, ஐசிஸ் போல்ட்டும் பொதுவா 40-ஐ ஒட்டித்தான், பெடலும் 35, 40 அந்தப் பக்கம்தான். சீட் கிளாம்ப் 5, 6. டிஸ்க் பிரேக் வச்ச வண்டின்னா அந்தத் தட்டப் பிடிக்கிற ஆறு சின்ன போல்ட்டும் 4-ல இருந்து 6-க்குள்ள. இதெல்லாம் பொதுக் கணக்கு, உங்க வண்டியோட வந்த பேப்பர்ல வேற நம்பர் இருந்தா அதத்தான் கேக்கணும். பேரிங் கேப்னு ஒண்ணு இருக்கு, சக்கரத்தோட பேரிங்க ஃபோர்க்கோட சேத்துப் பிடிக்கிற மூடி, அங்க நம்பரே பாக்க வேண்டாம். ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா, மூடி ரெண்டு பக்கமும் சமமா உக்கார்ற மாதிரி கையால இறுக்கிட்டு வண்டியத் தூக்கிப் பிடிச்சு சக்கரத்த ஒரு சுத்து விடுங்க, ரொம்ப நேரம் அலட்டிக்காம சுத்துனா சரி, சட்டுனு நின்னா பேரிங்க நசுக்கிட்டீங்கன்னு அர்த்தம், கொஞ்சம் லூஸ் பண்ணுங்க. அந்த எடத்துல டார்க் ரெஞ்ச விட சக்கரம் சொல்றத கேக்குறதுதான் நல்லது.

இப்ப பாருங்க, வண்டில ரெண்டே கூட்டம்தான் இருக்கு. 5-ஐ ஒட்டி ஒரு கூட்டம், 40-ஐ ஒட்டி ஒரு கூட்டம். நடுவுல ஒண்ணுமில்ல. ஒரே ரெஞ்ச்ல ரெண்டையும் பாத்துரலாம்னு நெனைக்கிறதுதான் எல்லாரும் போற வழி, அது வேலைக்கு ஆகாது. ஏன்னா டார்க் ரெஞ்சுக்கு ஐஎஸ்ஓ 6789-னு ஒரு தரக்கட்டுப்பாடு இருக்கு, அதுல சொல்ற துல்லியம் அந்த ரெஞ்சோட உச்ச அளவுல 20 சதவீதத்துல இருந்து 100 சதவீதம் வரைக்கும்தான் செல்லும். பெரிய ரெஞ்சுக்கு கூடக் கொறைய 4 சதவீதம், 10 நியூட்டன் மீட்டருக்குள்ள அடங்குற சின்ன ரெஞ்சுக்கு 6 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம்னு விட்டிருக்காங்க. 20 சதவீதத்துக்குக் கீழ ஸ்கேல்ல கோடு போட்டிருந்தாலும் அத நம்பக் கூடாது.

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் போட் என்ஜின் பாக்குற மெக்கானிக் அண்ணன்மாருகிட்ட டார்க் ரெஞ்ச் இருக்கும், விசைப்படகு டீசல் என்ஜின்ல ஹெட் போல்ட்டெல்லாம் அளவு இல்லாம வச்சா கேஸ்கெட் போயிரும்ல, அதுக்கு. கேட்டா குடுப்பாங்க, நல்ல மனசுக்காரங்க. ஆனா அது அரை இன்ச் டிரைவ், 40-ல இருந்து 200 நியூட்டன் மீட்டர் வரைக்கும் அளக்குற பெரிய ரெஞ்சா இருக்கும். 200-ல 20 சதவீதம் 40, நம்ம கிராங்க் போல்ட்டு கரெக்டா அந்த ஓரத்துல தொத்திக்கிட்டு நிக்கிது, 35 வேணும்னா கணக்குலயே இல்ல. அதுல சீட் போல்ட்ட டைட் வைக்கிறது கருவாட்டு லாரிய எடை போடுற எடைமேடைல கால் கிலோ நெத்திலிய வச்சு எடை பாத்த மாதிரி, முள்ளு அசையக்கூட அசையாது, போல்ட்டு அதுக்கு முன்னாடியே போயிரும். கிராங்குக்கு வேற வழியே இல்லன்னா ஒருதடவை வாங்கி வச்சுக்கலாம், பைப்புக்கு இது எவ்வளவோ மேல்.

நமக்கு சரியானது 3/8 இன்ச் டிரைவ்ல வர்றது. டிரைவ்னா சாக்கெட், அதாவது போல்ட்டுத் தலைய மூடிப் பிடிக்கிற குழல், மாட்டுற அந்த சதுர மூக்கு, கால் இன்ச், 3/8 இன்ச், அரை இன்ச்னு மூணு சைஸ் சைக்கிள் வேலைல வரும். 3/8-ல 10-ல இருந்து 60, இல்ல 20-ல இருந்து 100 அந்த மாதிரி ரேஞ்சுல கெடைக்கும். 10-60-ல 40 நடு ஸ்கேலுக்குக் கொஞ்சம் மேல வந்து உக்காரும், அதுதான் அருமையான எடம். சைக்கிள் டூலுக்குன்னே இருக்குற பார்க் டூல் கம்பெனி கூட இந்த ரெண்டு கூட்டத்துக்கு ரெண்டு ரெஞ்சாத்தான் விக்கிறாங்க, டிடபிள்யூ 5.2-னு 2-ல இருந்து 14 வரைக்கும் ஒண்ணு, டிடபிள்யூ 6.2-னு 10-ல இருந்து 60 வரைக்கும் ஒண்ணு. வெல நம்ம பாக்கெட்டுக்கு ரொம்ப ஜாஸ்தி, அதத்தான் வாங்கணும்னு சொல்ல வரல, ரேஞ்ச எப்படிப் பிரிச்சிருக்காங்கன்னு பாக்கத்தான் சொல்றேன்.

காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா பெருச வாங்குங்க, அதாவது கிராங்குக்கு. சின்ன போல்ட்டு லூசா இருந்தா சீட்டு திரும்பும், கோவம் வரும், இறங்கி டைட் வச்சுட்டுப் போயிரலாம். கிராங்க் லூசா இருந்தா ஓட்டை அகண்டு காசு போகும், நடு ரோட்டுல கழண்டா மூஞ்சி போகும். சின்ன போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீட்டர்னு ஒரே அளவுல பூட்டி வச்ச குட்டி டி கைப்பிடி டூலு கெடைக்குது, எல்என் பிட் மாட்டி திருப்புனா 5 வந்ததும் நழுவிரும், அதப் பின்னாடி வாங்கிக்கலாம்.

அடுத்து டைப். கடைல அதிகமா இருக்கறது கிளிக் டைப். கைப்பிடியத் திருகி நம்பர வச்சுக்கணும், அந்த முறுக்கு வந்ததும் டக்னு ஒரு சத்தம், கைல ஒரு சின்ன ஒதறல். உள்ள ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான் ரகசியம். ஸ்கேல் படிக்கத் தெரியணும், தண்டுல நெட்டா போட்டிருக்கற பெரிய கோட்ட மொதல்ல பாக்கணும், அப்புறம் கைப்பிடிய சுத்தி இருக்குற சின்ன நம்பர அதோட கூட்டணும், தண்டுல 36, கைப்பிடில 4-ன்னா 40. டக்னு சொன்னதும் நிறுத்தணும். கூட இருக்குற மச்சான்கிட்ட காட்டுறதுக்காக டக் டக்னு நாலு தடவை அடிக்கிறது பூராம் கூடுதல் டைட்தான், போல்ட்டுக்கு அது வேடிக்கைன்னு தெரியாது.

இன்னொண்ணு பீம் டைப். ஒரு நீளக் கம்பி, அதுக்குப் பக்கத்துல சும்மா நிக்கிற ஒரு முள்ளு, கைப்பிடிகிட்ட ஒரு ஸ்கேல் தட்டு. நீங்க இழுத்தா கம்பி வளையும், முள்ளு வளையாம அப்படியே நிக்கும், அதனால முள்ளு ஸ்கேல்ல நம்பரக் காட்டும். ஸ்பிரிங் இல்ல, பல்சக்கரம் இல்ல, பேட்டரி இல்ல. பாக்க ஏதோ அந்தக் காலத்து சாமான் மாதிரி இருக்கும், நெட்டுல இத யாரும் பெருசா சிபாரிசு பண்ண மாட்டாங்க, எனக்கு என்னவோ நம்ம கடலோரத்துக்கு இதுதான் தோதுன்னு படுது. கிளிக் டைப்புக்குள்ள உப்புக் காத்து போய் ஸ்பிரிங்கும், ஒரு பக்கமா மட்டும் பிடிச்சுத் திருப்புற ராட்செட்டும் துருப்பிடிச்சா வெளிய ஒண்ணும் தெரியாது, டக்னு சத்தம் மட்டும் வரும், ஆனா எந்த அளவுல வருதுன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். பீம்ல கெட்டுப்போனா கண்ணுக்குத் தெரியும், சும்மா இருக்கறப்ப முள்ளு பூஜ்யத்துல நிக்கலன்னா முள்ள லேசா வளைச்சு பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துரலாம், கம்பி வளையுற தன்மை மாறாது. கஷ்டம் என்னன்னா ஸ்கேலுக்கு நேர் மேல இருந்து பாக்கணும், சாய்ஞ்சு பாத்தா ரெண்டு மூணு கூடக் கொறையத் தெரியும். வண்டியக் கீழ சாய்ச்சுப் போட்டு முறுக்குறப்ப ஸ்கேல் கண்ணுக்கு மறையுற எடத்துக்குப் போயிரும், அப்ப கூட ஒரு ஆள் வேணும். கைப்பிடி நடுவுல ஒரு பின்னுல ஆடுற மாதிரி இருக்கும், அது எந்தப் பக்கமும் தட்டாம மெதக்குற மாதிரி பிடிச்சாத்தான் நம்பர் சரி.

டிஜிட்டலும் இருக்கு, நம்பர் ஸ்கிரீன்ல வரும், அளவு வந்ததும் கத்தும். ராமநாதபுரம் டவுனுக்குள்ள வீடுன்னா யோசிக்கலாம். தங்கச்சிமடத்துல, கீழக்கரைல கடல் பாத்த வீட்டுல வச்சிருந்தா பேட்டரி பாயிண்ட்டு பச்சை பூத்துரும், டிவி ரிமோட்டே அங்க வருஷம் தாண்ட மாட்டேங்குது.

பீம் டைப்ப நான் தூக்கிப் பேசுறதுக்கு இன்னொரு காரணம் இடது பெடல். வலது பெடல் சாதா மரை, கடிகாரம் சுத்துற பக்கம் டைட். இடது பெடல் எதிர் மரை, கடிகாரத்துக்கு எதிர்ப் பக்கம் திருப்புனாத்தான் டைட். ஓட்டுறப்ப பெடல் தன்னால கழண்டுறக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்காங்க. ஆனா நெறைய கிளிக் ரெஞ்ச் வலது பக்கம் திருப்பும்போது மட்டும்தான் அளக்கும், தலைல இருக்குற ராட்செட் பொத்தானத் தட்டிவிட்டா இடது பக்கமும் திரும்பும்தான், டக்னு மட்டும் வராது. டக்குக்கு காத்துக்கிட்டே முறுக்கிக்கிட்டே போவீங்க. அதனால கிளிக் டைப் வாங்குறதா இருந்தா ரெண்டு பக்கமும் அளக்குமான்னு கேட்டு வாங்குங்க. பீம் ரெண்டு பக்கமும் அளக்கும், கேக்கவே வேண்டாம். கிராங்க் போல்ட்டு ரெண்டு பக்கமுமே சாதா மரைதான், பெடல் மட்டும்தான் இந்த வம்பு.

பெடல் திசை ஞாபகம் இருக்க ஒரு சுலபம், ரெண்டு பெடலுக்குமே ஸ்பேனர நெட்டா நிமித்தி வச்சு மேல் முனைய வண்டியோட முன்பக்கமா தள்ளுனா டைட், பின்பக்கமா இழுத்தா லூஸ். யூனிசைக்கிள்ல முன்பக்கம் எதுன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி, சக்கரம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். கிராங்குல எல், ஆர்னு அடிச்சிருக்கும், சீட்டுல உக்காந்தா எல் இடது கால் பக்கம் வரணும். பழகுறப்ப சீட்டத் திருப்பி மாட்டிட்டு அப்படியே ஓட்டுற பயலுக இருக்காய்ங்க, அவய்ங்க பெடல் ரெண்டும் ஓட்ட ஓட்ட கழண்டுக்கிட்டே வரும், எவ்வளவு டைட் வச்சாலும் வரும், அதுக்கு டார்க் ரெஞ்ச் மருந்து இல்ல.

நம்ம ஊருக்குன்னு தனியா சொல்ல வேண்டிய விஷயம் உப்பு, இத கொஞ்சம் நின்னு பாப்போம். டார்க் ரெஞ்ச் அளக்குறது முறுக்க மட்டும்தான், போல்ட்டு எவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்குன்னு அதுக்குத் தெரியாது. நீங்க குடுக்குற முறுக்குல பாதிக்குப் பக்கத்துல போல்ட்டுத் தலை உரசுறதுலயே போயிரும், இன்னொரு 40 சதவீதம் மரை உரசுறதுல போயிரும், மிச்சம் ஏறத்தாழ 10 சதவீதம்தான் உண்மைலயே கிராங்க அழுத்துற வேலைக்கு வருது. இது பொறியியல்ல எல்லாரும் சொல்ற பொதுக் கணக்கு. இப்ப மரைல துரு ஏறி, மணலும் உப்பும் சேந்து கரகரன்னு இருந்தா உரசல் இன்னும் கூடும், ரெஞ்ச் 40 வந்துருச்சுன்னு டக்னு சொல்லிரும், ஆனா போல்ட்டு பாதிகூட இறுகியிருக்காது. டார்க் ரெஞ்ச் வச்சுத்தான் டைட் பண்ணேன் அப்பவும் கழண்டுருச்சுன்னு சொல்றவங்க கதைல நெறைய இதுதான்.

அதனால போல்ட்டக் கழட்டி மரைய வயர் பிரஷ்ஷால தேச்சு, துணியால துடைச்சு, லேசா கிரீஸ் வச்சு அதுக்கப்புறம் டார்க் வைங்க. கிராங்க் போல்ட்டு மரைலயும் தலைக்கு அடிலயும் கிரீஸ் வைக்கறதுல யாருக்கும் சண்டை இல்ல. ஆக்சிலோட நாலு பட்டைல கிரீஸ் வைக்கலாமா கூடாதான்னுதான் காலங்காலமா சண்டை, ரெண்டு பக்கமும் விவரமான ஆளுங்க இருக்காங்க. வழுக்குனா கிராங்க் அதே டார்க்ல இன்னும் மேல ஏறும்னு ஒரு கட்சி, காய்ஞ்சு கெடந்தா ஒட்டிக்கும்னு ஒரு கட்சி. நம்ம ஊருல இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணி நடுவுல ஒட்டிக் கெடந்தா அலுமினியம் வெள்ளையா பொரிஞ்சு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணா பிடிச்சுக்கும், அப்புறம் கிராங்க கழட்டுற புல்லர் டூல வச்சு இழுத்தா கிராங்க் மரைதான் கழண்டு வரும், கிராங்க் வராது. நான் அதனால துடைச்சு எடுத்த மாதிரி ரொம்ப மெல்லிசா ஒரு பூச்சு வைக்கிற கட்சி, டார்க்க 40-க்குப் போகாம 35 பக்கத்துல நிறுத்திக்குவேன். பெடல் மரைல கிரீஸ் கண்டிப்பா வேணும், அதுல ரெண்டாம் பேச்சே இல்ல. கடல்ல எறங்கிட்டு வந்த வண்டின்னா நல்ல தண்ணி ஊத்திக் கழுவாம எதையும் முறுக்காதீங்க.

ரெஞ்ச் வாங்குனா மட்டும் போதாது, சாக்கெட் வேணும். ஸ்கொயர் டேப்பர் போல்ட்டு ரெண்டு விதமா வரும், உள்ள 8 மில்லிமீட்டர் எல்என் ஓட்டை, இல்ல வெளிய 14 மில்லிமீட்டர் தலை. 14 சாக்கெட் வாங்குறப்ப சுவர் மெல்லிசா இருக்கறதா பாத்து வாங்கணும், ஏன்னா போல்ட்டு கிராங்குக்குள்ள 22 மில்லிமீட்டர் குழிக்குள்ள உக்காந்திருக்கு, தடி சாக்கெட் உள்ள போகாது, போனாலும் புல்லர் மாட்டுற மரையச் சொரண்டி விட்டுரும். பெடலுக்கு பின்னாடி 6 இல்ல 8 எல்என் ஓட்டை இருந்தா வேலை சுலபம். வெறும் 15 ஸ்பேனர் பட்டை மட்டும் இருந்தா டார்க் ரெஞ்ச் நேரா மாட்டாது, குரோஃபுட்னு ஒரு வாய் திறந்த துண்டு மாட்டணும். அத ரெஞ்சுக்கு நேரா நீட்டி வச்சா நீளம் கூடிரும், 40 சென்டிமீட்டர் ரெஞ்ச்ல 3 சென்டிமீட்டர் நீண்டா போல்ட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல அதிகம் போகும், எல் எழுத்து மாதிரி குறுக்க வச்சா வித்தியாசம் வராது. பெடலுக்கு இவ்வளவு மெனக்கெடணுமான்னா தேவையில்ல, 15 ஸ்பேனர்ல நல்லா இறுக்குனா போதும்.

பிடிக்கிற விதம், கைப்பிடில நடுவுல பிடிச்சு நிதானமா ஒரே இழுப்பா இழுக்கணும், வெட்டி வெட்டி இழுத்தா ஒவ்வொரு வெட்டுக்கும் முறுக்கு துள்ளிப் போகும். லூஸ் பண்றதுக்கு டார்க் ரெஞ்ச எடுக்கவே கூடாது, துரு ஏறுன போல்ட்டு 100 கேக்குமா 150 கேக்குமா யாருக்குத் தெரியும், அதுக்கு அந்த பைப் சொருகுன ஸ்பேனர் இருக்கட்டும், அதோட சரியான வேலை அதுதான். கிளிக் டைப்ப வேலை முடிஞ்சதும் ஸ்கேல்ல இருக்குற கம்மி நம்பருக்குத் திருப்பி வைக்கணும், 40-லயே விட்டா ஸ்பிரிங் அழுத்தத்துலயே கெடந்து சோர்ந்துரும், கம்மி நம்பருக்கும் கீழ முழுசா கழட்டியும் விடக் கூடாது. துணில லேசா எண்ணெய் தொட்டு வெளிய மட்டும் துடைச்சு டப்பாக்குள்ள, முடிஞ்சா ஒரு சிலிக்கா பாக்கெட்டோட, வைங்க.

ரெஞ்ச் சரியா காட்டுதான்னு பாக்குறதுக்கு ஐஎஸ்ஓ கணக்குப்படி 5000 தடவை இல்ல 12 மாசம், எது முன்னாடி வருதோ அப்ப லேபுக்கு அனுப்பணும். மெக்கானிக் ஷாப்புக்கு அது சரி, வீட்டுல ஒத்த யூனிசைக்கிள் வச்சிருக்கறவன் லேபுக்கு குடுக்குற காசுல இன்னொரு ரெஞ்சே வாங்கிரலாம். வீட்டுலயே ஒரு தோராய டெஸ்ட் இருக்கு. ரெஞ்சோட சதுர மூக்க ஒரு வைஸ்ல, இல்லன்னா வெல்டிங் பட்டறைல இருக்குற வைஸ்ல, கைப்பிடி தரைக்கு இணையா படுத்திருக்கற மாதிரி கவ்வ வைங்க. மூக்கு நடுவுல இருந்து கைப்பிடி நடு வரைக்கும் டேப் வச்சு அளங்க. 40 சென்டிமீட்டர் வந்தா அங்க கயிறு கட்டி 10 கிலோ தொங்கவிடுங்க, 39.2 நியூட்டன் மீட்டர் வரணும். 35 சென்டிமீட்டர்னா அதே 10 கிலோவுக்கு 34.3. எடைக்கு எங்க போறதுன்னு கேக்காதீங்க, மீன் ஏலம் போடுற எடத்துல தொங்குற தராசு இல்லாத ஊரு இந்தக் கரைல கெடையாது, ஒரு கேன்ல தண்ணி ஊத்தி கேனோட சேத்து 10 கிலோ பிடிச்சுட்டு வந்துருங்க. பீம்னா முள்ளு எங்க நிக்கிதுன்னு பாருங்க. கிளிக்னா, 40 சென்டிமீட்டர் கணக்குக்கு, 36-ல வச்சா டக்னு சொல்லணும், 43-ல வச்சா சொல்லக் கூடாது. கேன மெதுவா விடுங்க, தொப்புனு விட்டா எடைய விட அதிகமா இழுக்கும். ரெஞ்சோட சொந்த எடையும் கொஞ்சம் சேரும், அத பெருசு பண்ண வேண்டாம்.

வாங்குறப்ப டப்பாக்குள்ள ஒரு கேலிபரேஷன் சர்டிபிகேட் இருக்கா, அதுல இருக்குற சீரியல் நம்பரும் ரெஞ்ச் தண்டுல அடிச்ச நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. சர்டிபிகேட்டே இல்லாம, 5-ல இருந்து 210 வரைக்கும் எல்லாம் அளக்கும்னு விளம்பரம் போட்டு, பளபளன்னு சாக்கெட் செட்டோட சேத்துக் குடுக்குறத தொடாதீங்க, நமக்கு வேணும்ன்ற 5-ம் 40-ம் அதோட 20 சதவீதக் கோட்டுக்குக் கீழதான் விழுது, சும்மா 210-ல அஞ்சுல ஒரு பங்க போட்டுப் பாருங்க, 42.

டார்க் ரெஞ்ச ஓட்டுறப்ப பைல தூக்கிட்டுப் போக வேண்டாம், அடிபட்டா அளவு போயிரும். பைல ஒரு 8 எல்என் கீ, நீட்டுக் கைப்பிடி உள்ளது, ஒரு 5 எல்என் கீ, போதும். அரிச்சல்முனை வளைவுகிட்ட கிராங்க் ஆடுறது கால்ல தெரிஞ்சா அப்பவே எறங்கி எல்என் கீல கைக்கு வந்த மட்டும் இறுக்கிக்கங்க, அப்படியே மெதுவா பக்கத்துல இருக்குற கடை வரைக்கும் வந்து வண்டிய ஆட்டோவுலயோ பஸ்லயோ ஏத்திருங்க, ஆடுற கிராங்கோட ராமேஸ்வரம் வரைக்கும் மிதிச்சு வந்தா வீட்டுல இருக்குற ரெஞ்சுக்கு அந்த கிராங்குல ஒரு வேலையும் மிச்சம் இருக்காது.